மனசுக்குள் சொன்ன பதில்

ஏலத்தோட்டத்தில் நிழல்மரக் கொப்புகளைக் கழிக்கிற மரக்கவாத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மரத்தில் ஏறியவன் கொப்பை வெட்டுவதற்கு முன்னால் "கீழ யாரு?" என்று சத்தம் கொடுப்பான். கீழே நிற்கிறவன் சுற்றிலும் பார்த்துவிட்டு "ஆளில்லே" என்று பதில் கொடுக்க வேண்டும். யாராவது வந்துகொண்டிருந்தால் "பொறு". பதில் வராமல் கத்தி இறங்கக் கூடாது. ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி அடர்ந்து நிற்பதால் மேலே இருப்பவனுக்குத் தரையே தெரியாது. கீழே நிற்கிறவன்தான் அவனுக்குக் கண். எழுபதுகளின் நடுவில், உடும்பஞ்சோலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், நான் அப்படிக் கீழே நிற்கிற ஆளாக இருந்தேன். மேலே ஏறுகிறவன் என் மனைவியின் தம்பி.

ஒரு வைகாசி மாதக் காலையில் அவன் கேட்ட கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன். ஒரே ஒரு வார்த்தை விவகாரம். அந்த ஒரு வார்த்தை எதுவென்று எனக்குத் தெரிய கிட்டத்தட்ட மூன்று வருஷம் ஆயிற்று.

அப்போது நான் கஞ்சா இழுத்துக்கொண்டிருந்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை. மலைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுகளில் யாரோ பயிரிட்டார்கள், யாரோ கொண்டுவந்தார்கள், வாழைச்சருகில் மடித்த சின்னப் பொட்டலமாக என் கைக்கு வந்து சேர்ந்தது. பீடியில் இருக்கும் புகையிலையைத் தட்டிவிட்டு அதில் இதை அடைத்துக்கொள்வேன். முதல் தடவை இழுத்தது ஒரு அடைமழை நாளில். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோயிற்று. மறந்துபோனது எதுவென்று யோசித்து யோசித்து அன்று சாயங்காலம் வரை சிரித்துக்கொண்டிருந்தேன்.

அது காலத்தை இழுத்து நீட்டிவிடும். ஏல இலையின் நுனியில் ஒரு துளி தண்ணீர் திரண்டு நிற்கும். அது விழுவதற்குள் என் சின்ன வயசு முழுவதும் வந்து, உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போகும். துளி இன்னும் நுனியிலேயே நிற்கும். மூடுபனி செடிகளுக்கு நடுவே நகர்வதைப் பார்த்தால் எனக்காகவே யாரோ மெதுவாக வேட்டி மடிப்பதைப் போல இருக்கும். பூச்சிகளின் சத்தத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியும். ஈர மண்ணுக்குள்ளிருந்து ஏலப்பூ வாசனை வருகிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிடலாம் என்று தோன்றும். சொர்க்கம் என்று சொன்னால் வீட்டில் விளக்குமாறு பறக்கும், ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

பெரிய பெரிய உண்மைகளும் தட்டுப்படும். ஒரு நாள் உலகத்தின் ரகசியமே பிடிபட்டுவிட்டது. மறந்துவிடக் கூடாதே என்று அடுப்புக்கரியை எடுத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தேன். மறுநாள் காலையில் தெளிந்து எழுந்து பார்த்தால், "எல்லாத் தண்ணியும் ஒரே தண்ணி" என்று எழுதியிருந்தது. என் மனைவி குடத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த ஒரே தண்ணியில ரெண்டு குடம் எடுத்துட்டு வாங்க. சுவத்துல எழுதுனதை அப்பறம் படிச்சுக்கலாம்" என்றாள்.

அவளுக்கு என் மேல் கோபம் வராது, கிண்டல்தான் வரும். நானும் அவளைச் சும்மா விடமாட்டேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இல்லாதது போலப் பேசுவேன், ஒளிந்திருந்து கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு இப்படி விளையாட்டாகத்தான் நடக்கும்.

ஆனால் அந்தப் பழக்கத்தில் ஒரு விஷயம் விளையாட்டாகவே வளர்ந்து வந்ததை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நினைத்ததற்கும் செய்ததற்கும் நடுவில் இருக்கிற வரப்பு என் தலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. அவளிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். சற்று நேரம் கழித்து, சொல்லிவிட்டதாகவே ஞாபகம் இருக்கும். என் குரல்கூட எனக்கு ஞாபகம் இருக்கும். "நாளைக்குக் கம்பத்துக்குப் போறேன்னு சொன்னேன்ல?" என்று நான் எரிந்து விழுந்தால் அவள் நிதானமாகக் கேட்பாள்.

"வாயால சொன்னீங்களா, மனசுக்குள்ள சொன்னீங்களா?"

அவள் தம்பி அதைக் கேட்டுச் சிரிப்பான். கல்யாணம் ஆகாதவன், எங்களோடும் எங்கள் பிள்ளைகளோடும் லயத்தில் இருந்தான். மரம் ஏறுவதில் அவனை அடிக்க அந்த மலையில் ஆள் கிடையாது. பீடிகூடத் தொட மாட்டான். கவாத்துக்குப் போனால் கீழே நான்தான் நிற்க வேண்டும் என்பான். "அத்தான் நின்னா எனக்கு நெஞ்சு நிமிந்து நிக்கும்" என்று கங்காணியிடமே சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கு மழைக்கு முந்தின கவாத்து. நிழல் அதிகமாகிவிட்டால் ஏலம் பூக்காது என்று ஒவ்வொரு மரமாகக் கழித்துக்கொண்டு வந்தோம். காலையில் வேலைக்கு இறங்கும்போதே நான் ஒரு பீடி முடித்திருந்தேன். அவன் ஒரு பெரிய அகில் மரத்தில் இருந்தான். காலையிலிருந்து நாற்பது தடவையாவது அவன் கேட்டிருப்பான், நாற்பது தடவையும் நான் பார்த்துப் பதில் சொல்லியிருப்பேன். பனி இறங்கி, மரத்தின் பாதிக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. அவன் குரல் மட்டும் எங்கோ மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது.

அப்போது என் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு நடந்ததாக என் ஞாபகத்தில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் அவள் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துணி பனிக்குள் தெரிந்தது. பிறகு முகம். இடுப்புக்குக் கீழே இளஞ்செடிகள் மறைத்ததால் அவள் நடந்து வருவதாகவே தெரியவில்லை, மிதந்து வருகிறாள். கையில் தூக்குவாளி. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு அழகாக இருந்ததில்லை என்று தோன்றியது. இதை இன்று சாயங்காலம் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் ஒரு செடியை விலக்கினாள், இலையிலிருந்து துளிகள் சிதறின, ஒவ்வொன்றாக, சாவகாசமாக. மேலேயிருந்து "கீழ யாரு?" என்று குரல் வந்தது. "பொறு மாப்ள" என்றேன். தெளிவாகச் சொன்னேன். என் குரலை நானே கேட்டேன்.

பிறகு கத்தி இறங்கும் சத்தம்.

கொப்பு விழும்போது அவள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறாள். அதனால் தலை தப்பியது, கை ஒடிந்தது. தூக்குவாளி உருண்டு போய்க் கறுப்பு மண்ணில் கஞ்சி வெள்ளையாக ஓடியது. அவன் மரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினான், நெஞ்சுத் தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. "அக்கா அக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கம்பளியில் அவளைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனோம், அங்கேயிருந்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் நான் அழுதுகொண்டே போனேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நாலாம் நாள் காலையில், ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கங்காணி எங்கள் இருவரையும் நிறுத்தி விசாரித்தார். "பொறுன்னு சொன்னேன்" என்றேன் நான். "ஆளில்லேன்னு காதுல விழுந்துச்சு" என்றான் அவன். கங்காணி கிறிஸ்தவ சபையில் முக்கியமானவர். வீட்டுக்கு ஆள் அனுப்பி வேதப்புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். நான் அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன்.

அடுத்தது அவன் முறை. அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றாள். அவளை யாரும் சாட்சி கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அவன், "அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் காது தப்பியிருக்கும்" என்றான்.

அந்த வாரமே அவன் தோட்டத்தை விட்டு இறங்கினான். கம்பம்மெட்டு வழியாக நடந்தே கீழே போய்விட்டதாகச் சொன்னார்கள். லயத்தில் அவனுக்கு 'அக்கா கையை ஒடிச்சவன்' என்றே பேராகிவிட்டது. எனக்கும் அவன் மேல் கோபம் இருந்தது. பதிலைச் சரியாகக் கேட்காமல் வெட்டிவிட்டு, நான் சொன்னதையும் மாற்றிச் சொன்னானே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேயிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆடி கழிந்து காய்ப்பறிப்புத் தொடங்கியது. ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிப் படர்கிற சரத்தில்தான் காய்க்கும். பழுத்ததை மட்டும் விரலால் தடவிப் பார்த்துப் பறித்து, பிஞ்சையும் பூவையும் அலுங்காமல் விட்டுவிட வேண்டும். கண்ணைவிட விரலுக்குத்தான் அதில் வேலை. அவள் விரல் அப்படி வேலை செய்யும், அவள் போன சரத்தில் ஒரு பூ உதிர்ந்து கிடக்காது. இப்போது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. குந்தி உட்கார்ந்து இடது கையால் தடவித் தடவிக் கற்றுக்கொண்டாள். பிஞ்சு வந்துவிட்டால் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சட்டென்று மண்ணில் போட்டுவிடுவாள்.

நான் பீடியை விடவில்லை. வருத்தத்துக்கு நல்லது என்று கூடுதலாகவே இழுத்தேன். இரண்டு வருஷம் அப்படியே போயிற்று. பிறகு எங்கள் ஆடு வந்து என் கண்ணைத் திறந்தது. ஒரு மத்தியானம் அதை முளைக்குச்சியில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் பக்கத்து லயத்துக்காரி கத்துகிறாள், ஆடு அவள் அவரைப் பந்தலை மேய்ந்துகொண்டிருக்கிறது. கட்டினேனே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கயிறு ஆட்டின் கழுத்திலிருந்து தொங்கியது. முளைக்குச்சி மொட்டையாக நின்றது. அவிழ்ந்ததாக இருந்தால் கயிற்றின் நுனியில் முடிச்சின் மடிப்பாவது இருக்க வேண்டும். புதுக் கயிறு, நுனி நேராக இருந்தது. ஆனால் முடிச்சு போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கயிறு கையில் உறுத்தியதுகூட ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அப்படியானால் அந்தப் 'பொறு'?

வீட்டுக்குள் போய் மிச்சமிருந்த பொட்டலங்களை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்க் கொட்டினேன். அன்று சாயங்காலம் ஓடை மீன்கள் எந்த உலக ரகசியத்தைக் கண்டுபிடித்தனவோ தெரியாது. எனக்கு அதன் பிறகு ஒரு மாதம் நரகம். தூக்கம் வராது. வேர்த்துக் கொட்டும். சோறு வைக்கோலாக இருக்கும். பிள்ளைகள் செருமினால்கூட நாய் போல வள்ளென்று விழுவேன்.

பிறகு கனவுகள் வந்தன. புகைத்த வருஷங்களில் நான் கனவு கண்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விழித்திருக்கும்போதே மிதந்துகொண்டிருந்தவனுக்குத் தூக்கத்தில் ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்திருக்கும். இப்போது அத்தனை வருஷத்துக் கனவும் மொத்தமாக மடை திறந்துகொண்டு வந்தது. கண்ணை மூடினால் அகில் மரம், பனி, சிவப்புத் துணி. மேலேயிருந்து குரல். கனவில் நான் ஒரு நாள் "பொறு" என்பேன், ஒரு நாள் "ஆளில்லே" என்பேன், ஒரு நாள் வாயைத் திறந்தால் பனிதான் உள்ளே போகும். மூன்றும் ஒரே மாதிரி நிஜமாக இருந்தன. எது நடந்தது, எது கனவு என்று தேடினால் பழைய ஞாபகமும் கனவைப் போலவே இருந்தது. என் தலைக்குள் இருக்கிற எதையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்று தெரிந்துபோயிற்று.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஏதாவது முக்கியமாகச் சொல்லும்போது ஒரு விரலைத் தொண்டையில் வைத்துக்கொள்வேன். தொண்டை அதிர்ந்தால் வாயால் சொல்லியிருக்கிறேன் என்று அர்த்தம்.

தலை ஒருவாறு தெளிந்த பிறகு ஒரு மத்தியானம் அவளிடம் கேட்டேன். லயத்து வாசலில் வெயிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?"

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. கல் பொறுக்குவதை நிறுத்தாமலே பேசினாள்.

"என்னையப் பாத்துக்கிட்டு நின்னீங்க. நல்லாச் சிரிச்சீங்க. தம்பி கீழ யாருன்னான். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஆளில்லேன்னீங்க."

"நீ ஏன் வெலகல?"

"வெளாடுறீங்கன்னு நெனச்சேன். நான் இல்லாத மாதிரி பேசுவீங்கல்ல, அந்த மாதிரி. மறுபடி பொறுன்னு சொல்லுவீங்கன்னு சிரிச்சுக்கிட்டே நின்னேன்."

காலையிலிருந்து நாற்பது தடவை சொன்ன வார்த்தையை வாய் தன்பாட்டுக்கு நாற்பத்தொன்றாம் தடவையும் சொல்லியிருக்கிறது. கண் அவளைப் பார்த்தது, மனசு அவள் அழகில் கிறங்கிக் கிடந்தது, 'பொறு' என்று உள்ளே சொல்லியும் கொண்டது. அது ஒன்றும் வாய்க்குத் தெரியாது. பிறகு எனக்கு ஞாபகமாகத் தங்கியது உள்ளே சொன்னது மட்டும்தான். அதன் மேல்தான் வேதப்புத்தகத்தில் கை வைத்தேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்கள அனுப்பிருவாங்க. பிள்ளைகளோட லயத்தை விட்டு எறங்கி எங்க போக? அவன் ஒத்தக்கட்டை, எங்கிட்டாவது பொழச்சுக்குவான்னு நெனச்சேன்." ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தாள். "கைவலி எப்பவோ போயிருச்சு. அவன் என்னையப் பாத்தான்ல, அது போகல."

கங்காணியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். "அவருகிட்ட அப்பறம் சொல்லலாம். மொதல்ல தம்பிகிட்டப் போங்க" என்றாள்.

அவன் கம்பத்துக்குக் கீழே ஒரு ஊரில் மரம் ஏறிப் பிழைக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாசிக் கடைசி. மலையிலிருந்து இறங்க இறங்கப் பனி விலகி, வெயிலில் கண் கூசியது. பல வருஷம் கழித்து எல்லாமே ஓரம் மழுங்காமல் தெரிந்தன, எனக்கு அது பயமாகக்கூட இருந்தது. ரோட்டோரப் புளியமரம் ஒன்றைக் காட்டி அங்கேதான் இருக்கிறான் என்றார்கள். புளி உலுக்குகிற வேலை. இலை மறைவில் ஆள் தெரியவில்லை, கொப்பு அசைவது மட்டும் தெரிந்தது.

நான் மரத்தடிக்குப் போய் நின்றேன். அங்கே கீழே பதில் சொல்ல அவனுக்கு ஆள் யாரும் இல்லை. சமவெளியில் அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. இருந்தாலும் உலுக்குவதற்கு முன்னால் அவன் சத்தம் கொடுத்தான்.

"கீழ யாரு?"

விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டேன்.

"ஆளிருக்கு மாப்ள. அன்னைக்கும் இருந்துச்சு. நான்தான் இல்லேன்னு சொன்னேன்."

தொண்டை அதிர்ந்தது. மேலே கொப்பு அசையாமல் நின்றது. காய்ந்த இலைகள் சில என் தோளில் விழுந்தன. அவன் இறங்கி வரவில்லை, திட்டவுமில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் அன்று என் தலைக்குள் புகை எதுவும் இல்லை. கடைசியில் இலைகளுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"அக்காவுக்குக் கை மடங்குதா அத்தான்?"

"மடங்கல" என்றேன், வாயால்.